வயரா, வயர்லெஸ்ஸா? ஒலித் தரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயர்போன் வாங்கக் கிளம்பும் நண்பர்கள், ஆன்லைனில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் மயிலாப்பூர் டீச்சர்கள், தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் நடுவே தினமும் ரயிலில் போய்வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டுக் கேட்பதற்கு மட்டும் என்றால் வயர்லெஸ் இன்று தாராளமாகப் போதும். பாட, வாசிக்க, சொல்லிக்கொடுக்க என்றால் வயர்தான் வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ப்ளூடூத் வழியாகப் போனால் பாட்டின் தரம் நிஜமாகவே குறைகிறதா?

குறைகிறது. எவ்வளவு குறைகிறது என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். சிடியில் ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள் (அந்தந்தக் கணத்தில் ஒலியை அளந்து எழுதிய எண்கள்), ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என்று இரண்டு சானல். பெருக்கினால் நொடிக்குச் சுமார் 1,411 கிலோபிட். வயரில் கேட்கும்போது போனுக்குள் இருக்கும் சிப் இதை மின் அலையாக மாற்றி, செம்புக் கம்பி வழியாக அப்படியே காதுக்கு அனுப்பிவிடும். வழியில் எதையும் கழிப்பதில்லை.

ப்ளூடூத்தில் அவ்வளவு இடம் கிடையாது. எல்லா ப்ளூடூத் இயர்போனிலும் கட்டாயம் இருக்கவேண்டிய எஸ்பிசி என்ற சுருக்கும் முறை, நல்ல அமைப்பில் நொடிக்கு 328 கிலோபிட் அனுப்பும். அதாவது நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. காது கவனிக்காது என்று கணிக்கும் விவரங்களை அது கழித்துவிடுகிறது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். யூடியூபில் வரும் பாட்டு ஏற்கெனவே சுமார் 128 கிலோபிட்டுக்குச் சுருக்கப்பட்டதுதான். போன் அதை விரித்து, வாட்ஸ்அப் மணியோசை போன்றவற்றோடு கலந்து, ப்ளூடூத்துக்காக மறுபடி சுருக்கி அனுப்புகிறது. ஆக, நீங்கள் கேட்பது இரண்டு முறை சுருக்கிய பாட்டு. மூலப்பாட்டு சுமாராக இருந்தால் எவ்வளவு நல்ல வயரும் அதைத் தூக்கி நிறுத்தாது.

எஸ்பிசி, ஏஏசி, ஆப்டெக்ஸ், எல்டாக் என்கிறார்களே, எதைப் பார்த்து வாங்குவது?

இவை எல்லாமே பாட்டைச் சுருக்கும் முறைகள், கோடெக் என்பார்கள். ஐபோன் பயன்படுத்தினால் ஏஏசி இருந்தால் போதும், ஐபோனில் ஆப்டெக்ஸும் எல்டாக்கும் வேலை செய்யாது. அதற்காகக் கூடுதல் காசு கொடுத்தால் வீண். ஆண்ட்ராய்டில் ஆப்டெக்ஸ் (352 கிலோபிட்), ஆப்டெக்ஸ் எச்டி (576), சோனியின் எல்டாக் (330, 660, 990) எல்லாம் வரும். எல்டாக் 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் அந்த அமைப்பிலேயே இருக்கிறது. ஆப்டெக்ஸ் வேண்டுமென்றால் போன், இயர்போன் இரண்டிலும் அது இருக்கவேண்டும். ஒன்றில் இல்லையென்றால் எஸ்பிசிக்கோ ஏஏசிக்கோ இறங்கிவிடும்.

990 என்ற எண்ணைப் பார்த்து மயங்கவேண்டாம். நெரிசலான இடத்தில் அந்த வேகத்தில் அனுப்பினால் பாட்டு வெட்டி வெட்டி வரும். தானாகச் சரிசெய்யும் அமைப்பில் விட்டிருந்தால், சென்ட்ரல் ஸ்டேஷன் கூட்டத்துக்குள் நுழைந்ததும் அது சத்தமில்லாமல் 330-க்கு இறங்கியிருக்கும்.

2020-இல் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் ஒலி அமைப்பில் எல்சி3 என்ற புதிய முறை வந்திருக்கிறது. குறைந்த பிட்டிலேயே எஸ்பிசியைவிட நன்றாக ஒலிக்கும். இதற்கும் இரண்டு பக்கமும் ஆதரவு வேண்டும்.

பாக்ஸில் ப்ளூடூத் 5.3 என்று போட்டிருந்தால் ஒலி நன்றாக இருக்குமா?

அந்த எண்ணுக்கும் பாட்டின் தரத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. மின்சிக்கனம், இணைப்பு உறுதி போன்றவற்றில் உதவலாம். எஸ்பிசியில் ஓடும் 5.0 இயர்போனும் எஸ்பிசியில் ஓடும் 5.3 இயர்போனும் பாட்டை ஒரே மாதிரிதான் சுருக்குகின்றன.

என் காதுக்கு வித்தியாசம் தெரியுமா?

சில பாட்டில் தெரியும், பல பாட்டில் தெரியாது. எங்கே தேடவேண்டும் என்று தெரிந்தால் கண்டுபிடிப்பது சுலபம். ஜால்ராவும் கஞ்சிராவில் இருக்கும் சின்னச் சலங்கைத் தகடுகளும் நல்ல சோதனைப் பொருள்கள். ஜால்ராவைத் தட்டியதும் ஒரு கூர்மையான முனை வரும், அதன் பின்னால் நீண்ட, மெல்லிய ஒரு மினுமினுப்பு தேயும். அதிகமாகச் சுருக்கிய ஒலியில் அந்த மினுமினுப்பு நீர்த்துப்போய் ‘ஸ்ஸ்’ என்று தண்ணீர் சிந்துவது போல ஆகிவிடும். தம்புராவில் ஒவ்வொரு மீட்டுக்கும் பிறகு ஜீவாளி (தந்திக்கு அடியில் வைக்கும் நூல்) எழுப்பும் மேல் ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக விரியும்; அந்த விரிவு தட்டையாகிறதா என்று கேளுங்கள். குழுவாக ஒலிக்கும் வயலின்களிலும், நேயர்கள் கைத்தட்டலிலும் இது தெரியும். ஒற்றைக் குரல் மட்டும் பாடும் இடத்தில் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

வீட்டில் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டால் நியாயமாகச் செய்யுங்கள். வயர், ப்ளூடூத் இரண்டு வழியிலும் இணைக்க முடிகிற ஒரே ஹெட்போனை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வெவ்வேறு ஹெட்போனை ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது ஹெட்போன்களைத்தான். ஒலி அளவு இரண்டிலும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒரு டெசிபல் கூடினால்கூட, எது சத்தமோ அதுதான் ‘தெளிவு’ என்று மனசு சொல்லிவிடும். எந்த இணைப்பு ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி வீட்டில் ஒருவரை மாற்றச் சொல்லுங்கள். இப்படிக் கேட்டால் நல்ல கோடெக்குக்கும் வயருக்கும் இடையில் நிறையப் பேர் தடுமாறுவார்கள். அது காதின் குற்றமில்லை. சுருக்கும் முறைகள் அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஆகிவிட்டன.

அப்படியானால் ஒரே விலையில் எதை வாங்கலாம்?

வீட்டில் உட்கார்ந்து கேட்க என்றால் வயர். 2,000 ரூபாய் வயர்லெஸ்ஸில் அந்தக் காசு பேட்டரிக்கும், ரேடியோ சிப்புக்கும், மைக்குக்கும், சார்ஜ் டப்பாவுக்கும் பிரிந்துபோகிறது. அதே 2,000 ரூபாய் வயர் இயர்போனில் ஏறக்குறைய முழுக்க ஒலிக்குத்தான் போகிறது. குறைந்த விலையில் இந்த இடைவெளி நன்றாகவே கேட்கும். விலை ஏற ஏற இடைவெளி சுருங்கும்.

ஆயுளையும் கணக்கில் சேருங்கள். இயர்பட்ஸுக்குள் இருப்பது பொட்டளவு லித்தியம் பேட்டரி. சில வருடத்தில் அது தாங்கும் நேரம் பாதியாகிவிடும். பெரும்பாலானவற்றில் மாற்றவும் முடியாது. வயர் இயர்போனில் பொதுவாகப் போவது ஜாக்குக்குப் பக்கத்தில் உள்ளே அறுந்துபோகும் கம்பிதான். சால்டர் வைக்கத் தெரிந்தவர் புது ஜாக் போட்டுக் கொடுத்துவிடுவார்.

ரயிலிலும் மெட்ரோவிலும் கேட்க எது நல்லது?

இங்கே நான் வயர்லெஸ் பக்கம். குறிப்பாக, நாய்ஸ் கேன்சலிங் உள்ளது.

மெட்ரோவில் சின்னமலை தாண்டிச் சுரங்கத்துக்குள் இறங்கியதும் ஒரு அடர்த்தியான இரைச்சல் சூழ்ந்துகொள்ளும். மின்சார ரயிலில் ஜன்னல் திறந்திருக்கும், தண்டவாளச் சத்தமும் காற்றும் சேர்ந்து வரும். இந்த இரைச்சலுக்குள் எஸ்பிசியா எல்டாக்கா என்ற விவாதத்துக்கே இடமில்லை, இரண்டும் மூழ்கிப்போகும். நாய்ஸ் கேன்சலிங்கில் ஒரு மைக் வெளிச் சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே உருவாக்கி அடக்குகிறது. தொடர்ந்து வரும் தாழ்ந்த இரைச்சலை நன்றாக அடக்கும். பக்கத்து சீட்டுப் பேச்சையும் ஹாரனையும் அவ்வளவாக அடக்காது.

இதில் பெரிய லாபம் காதுக்கு. இரைச்சலை வெல்ல எல்லோரும் செய்வது சத்தத்தைக் கூட்டுவதுதான். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் வரை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. 90 டெசிபலுக்குப் போனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். தினம் ஒரு மணி நேரப் பயணத்தில் முழுச் சத்தத்தில் கேட்கிறவருக்கு அந்த 4 மணி நேரம் வியாழக்கிழமைக்குள் முடிந்துபோகும். போன காது திரும்ப வராது. சுற்றுச் சத்தம் அடங்கினால் குறைந்த அளவிலேயே பாட்டு நிறைவாகக் கேட்கும்.

ஆனால் தண்டவாளத்தைக் கடக்கும்போதும், சாலையைக் கடக்கும்போதும், வண்டி ஓட்டும்போதும் இரண்டு காதிலிருந்தும் கழற்றிவிடுங்கள். சொல்லிச் சொல்லி அலுத்த விஷயம்தான், இருந்தாலும் சொல்லாமல் விட முடியவில்லை.

விலை கூடிய இயர்பட்ஸ்தான், ஆனால் பாஸே (தாழ்ந்த ஒலி) இல்லையே?

காதில் சரியாகப் பொருந்தவில்லை. ரப்பர் முனைக்கும் காதுத் துளைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தால்கூடத் தாழ்ந்த ஒலி கசிந்துவிடும், மிருதங்கத்தின் தொப்பி (இடது பக்கத்துத் தாழ்ந்த நாதம்) காணாமல் போகும். டப்பாவில் வரும் மூன்று அளவு ரப்பரையும் போட்டுப் பாருங்கள். ஒரு காதுக்குச் சிறியதும் இன்னொன்றுக்கு நடுத்தரமும் பொருந்துவது சகஜம். கோடெக் மாற்றுவதால் வரும் வித்தியாசத்தைவிட இதனால் வரும் வித்தியாசம் பல மடங்கு பெரியது. காசு செலவில்லாதது வேறு.

போன் பேசும்போது ப்ளூடூத்தில் குரல் ஏன் குடத்துக்குள் பேசுவது போல வருகிறது? ஆன்லைன் பாட்டு வகுப்புக்கு இது சரிவருமா?

வராது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பாட்டுக் கேட்கும்போது ப்ளூடூத் ஒரு பாதையில் போகிறது. ஸ்டீரியோ, ஓரளவு நல்ல தரம். மைக்கைத் திறந்த கணமே பெரும்பாலான ஹெட்செட்டுகள் வேறு பாதைக்குத் தாவிவிடும். அது தொலைபேசிப் பேச்சுக்காக வைத்த பாதை. அதில் மாதிரி எண்ணிக்கை நொடிக்கு 8,000 அல்லது 16,000. ஸ்டீரியோவும் போய் ஒற்றைச் சானல் ஆகிவிடும். மாதிரி எண்ணிக்கையில் பாதி வரையுள்ள அதிர்வுகள்தான் பதிவாகும்; 8,000 என்றால் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்காது. 16,000 என்றால் 8 கிலோஹெர்ட்ஸ். பேசினால் புரியும். பாடினால் குரலின் நிறமே மாறிவிடும். கெடுவது உங்கள் மைக் மட்டுமில்லை, உங்கள் காதுக்கு வரும் மாணவியின் குரலும் அதே பாதையில்தான் வருகிறது. கமகத்தில் ஸ்வரம் எங்கே தொட்டு எங்கே இறங்கியது என்று கேட்டுத் திருத்தவேண்டிய ஆசிரியருக்கு இது பெரிய இழப்பு.

இதற்கு மேல் மீட்டிங் ஆப் தன் பங்குக்கு ஒன்று செய்யும். இடைவிடாமல் ஒரே மாதிரி வரும் ஒலியை அது ஃபேன் சத்தம் என்று எடுத்துக்கொண்டு அழிக்கும். தம்புரா இடைவிடாமல் ஒரே மாதிரி ஒலிப்பதுதானே! அதனால்தான் உங்கள் அறையில் ஸ்ருதி கணீரென்று கேட்கும், எதிர் முனையில் இருக்கும் குழந்தைக்கு ஸ்ருதியே வராது, அல்லது விட்டு விட்டு வரும். நீங்கள் நீட்டிப் பிடிக்கும் கார்வையும் நடுவில் தேய்ந்துபோகும். சில சமயம் குழந்தை ஸ்ருதி விலகிப் பாடுவதற்குக் காரணமே இதுதான். பாவம், அதைத் திட்டவேண்டாம்.

செய்யவேண்டியது இதுதான். இரண்டு பக்கமும் வயர் ஹெட்போன். ஜூம் என்றால் கணினிச் செயலியின் ஆடியோ அமைப்பில் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்று ஒரு தேர்வு இருக்கும், அதைப் போட்டுவிட்டு வகுப்புத் திரையிலும் அது இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட்போன் மாட்டியிருப்பதால் எதிரொலி நீக்கத்தையும் அணைத்துவிடலாம். வசதி இருந்தால் ஒரு யூஎஸ்பி மைக் வாங்கி வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். ஸ்ருதி ஆப்பை மாணவர் தன் பக்கத்திலும் தனியாகப் போட்டுக்கொள்வது நல்லது.

ப்ளூடூத் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கீபோர்டு வாசிக்கலாமா?

முடியாது. சாதாரண ப்ளூடூத்தில் ஒலி வந்து சேர 150 முதல் 250 மில்லி நொடி ஆகும். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டுக்கு 500 மில்லி நொடி. அதில் ‘தகதிமி’ சொன்னால் ஒரு சொல்லுக்கு 125. ‘த’ காதில் விழுவதற்குள் கை ‘க’வைக் கடந்திருக்கும். எந்த வித்வானாலும் இப்படித் தாளம் தவறாமல் வாசிக்க முடியாது. பாட்டுக்கு டிராக் பாடுகிறவர்கள், வீட்டில் குரல் பதிவு செய்கிறவர்கள் எல்லோருக்கும் இதே பதில்தான். கோடம்பாக்கம், சாலிகிராமம் ஸ்டூடியோக்களில் பாடகர் காதில் வயர் ஹெட்போன் மாட்டியிருப்பதற்கு இதுவே முதல் காரணம்.

சினிமா பார்க்கும்போது உதடும் வசனமும் ஒட்டுகிறதே என்று கேட்பீர்கள். அங்கே போன் படத்தையும் அதே அளவு தாமதித்துக் காட்டுகிறது. விளையாட்டில் அப்படித் தாமதிக்க வழியில்லை. அதனால்தான் சுட்ட பிறகு சத்தம் வருகிறது.

ஸ்ருதி ஆப்பை ப்ளூடூத் ஸ்பீக்கரில் போட்டுச் சாதகம் செய்வதில் மட்டும் ஒரு தடையும் இல்லை. ஸ்ருதி தாமதமாக வந்தால் என்ன, அது மாறப்போவதில்லையே.

கூட்டத்தில் பாட்டு விட்டுவிட்டு வருவது ஏன்?

ப்ளூடூத் வைஃபையோடும் மைக்ரோவேவ் அடுப்போடும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியைப் பகிர்ந்துகொள்கிறது. அந்தப் பகுதியை 79 சானல்களாகப் பிரித்து, நொடிக்கு 1,600 முறை தாவித் தாவி நெரிசலைத் தவிர்க்கும். எல்லாச் சானலும் நிரம்பியிருந்தால் தாவ இடமில்லை. மனித உடலும் இந்த அலையை உறிஞ்சும். போன் பேன்ட்டின் பின் பாக்கெட்டில் இருந்தால் சட்டைப் பைக்கு மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். வீட்டில் என்றால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

என் போனில் ஜாக்கே இல்லை. என்ன செய்ய?

2016-இல் ஐபோன் 7 ஜாக்கை எடுத்ததிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. டைப்-சி இலிருந்து 3.5 மில்லிமீட்டருக்கு மாற்றும் ஒரு சின்ன வயர் போதும். ஆனால் அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றின் உள்ளே டிஜிட்டலை ஒலியாக்கும் டிஏசி சிப் இருக்கும், இன்னொன்று வெறும் கம்பி. வெறும் கம்பி வகை, டைப்-சி துளை வழியாகவே ஒலியை அனுப்பும் போன்களில் மட்டும்தான் வேலை செய்யும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால், எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் வாங்கும்போது ‘டிஏசி உள்ளதா’ என்று கேட்டு, உங்கள் போனிலேயே செருகி, ஒரு பாட்டு ஓடவிட்டுப் பார்த்த பிறகு காசு கொடுங்கள். சிப் உள்ள எளிய வயரே இயர்போனுக்குப் போதுமான தரம் தரும்.

வயரில் எப்போதுமே சுத்தமான ஒலிதானா?

இல்லை. லேப்டாப்பைச் சார்ஜில் போட்டபடி ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் ‘உம்ம்’ என்று ஒரு சத்தம் வரலாம். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ், எர்த் வழியாகச் சுற்றி ஒலிக்குள் புகுந்துவிடுகிறது. சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றுவிட்டால் காரணம் அதுதான். இந்த ஒரு விஷயத்தில் ப்ளூடூத் ஜெயிக்கிறது: நடுவில் கம்பியே இல்லாததால் அந்தச் சுற்று அறுந்துவிடும். இயர்போன் வயர் சட்டையில் உரசும் கரகரப்பும், கடற்காற்று படும் வீடுகளில் ஜாக்கில் படியும் கறையும் வயருக்கே உரிய தொல்லைகள். கறைக்கு உலர்ந்த துணியால் துடைத்துச் செருகினால் பெரும்பாலும் போதும்.

பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் இயர்போன் கேபிள்களை வாங்காதீர்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு நல்ல செம்பும் விலையுயர்ந்த செம்பும் காதுக்கு ஒன்றுதான்.

டிவிக்கு, வீட்டு ஸ்பீக்கருக்கு?

டிவிக்கும் சவுண்ட்பாருக்கும் எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வயர் வழியாகவே வெளியே அனுப்பும் வசதி), இல்லாவிட்டால் ஆப்டிகல் வயர். ஒரு தடவை மாட்டினால் மறந்துவிடலாம். கூடத்தில் வயர்லெஸ்ஸில்தான் பாட்டு ஓடவேண்டும் என்றால் ப்ளூடூத்தைவிட வைஃபை ஸ்பீக்கர் மேல். ஆப்பிளின் ஏர்ப்ளே போன்றவை சிடி தரத்தைக் கழிக்காமல் அனுப்பும் அளவுக்கு வைஃபையில் இடம் இருக்கிறது. வயர்லெஸ் என்று விற்கும் பின்பக்க ஸ்பீக்கர்களுக்கும் பொதுவாக மின்சார பிளக் வேண்டும். சுவரில் எங்கே பாயின்ட் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

காரில் ஆக்ஸ் வயரோ யூஎஸ்பியோ முதலில், ப்ளூடூத் அடுத்து, சிகரெட் லைட்டரில் செருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் கடைசி. எஃப்எம் 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். சென்னையில் ஸ்டேஷன்கள் நெருக்கமாக இருப்பதால் நடுவே யாராவது பேசுவார்கள்.

நாள் முழுக்க ப்ளூடூத் காதில் இருந்தால் கதிர்வீச்சு ஆபத்தா?

இயர்போன் வகை ப்ளூடூத் அனுப்பும் சக்தி பொதுவாக 2.5 மில்லிவாட்டுக்குள் இருக்கும். காதில் வைத்துப் பேசும் 4ஜி போன் உச்சத்தில் சுமார் 200 மில்லிவாட் அனுப்பும். கவலைப்படவேண்டியது ஒலி அளவைப் பற்றித்தான்.

ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்துவிட்டது. புதுசு வாங்கணுமா?

முதலில் அந்தப் பக்கத்து ரப்பரைக் கழற்றி, உள்ளே இருக்கும் வலையை வெளிச்சத்தில் பாருங்கள். பெரும்பாலும் காது மெழுகும் வியர்வையும் சேர்ந்து அடைத்திருக்கும். வலை கீழே பார்த்தபடி பிடித்துக்கொண்டு, உலர்ந்த மென்மையான பழைய டூத்பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். ஊசியால் குத்தவேண்டாம், தண்ணீர் வேண்டாம். ரப்பரை மட்டும் தனியாகக் கழுவி நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் போனின் அக்சஸிபிலிட்டி அமைப்பில் இடம் வலம் சமநிலைக் கோடு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து, வேறு போனிலும் அதே குறை என்றால் வாரண்டி சீட்டைத் தேடுங்கள்.